பிளாஸ்டிக் யந்திர மனிதனுக்கு வர்ணம் பூசுதல்

உத்தியோகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் வெளி மாநில நகரங்களில் மாடிக் குடியிருப்புகளில் வாழும் நம் இல்லங்களுக்குள் இப்போது ஒரு புதிய விருந்தாளி வந்து சேர்ந்திருக்கிறான். அட்டைப் பெட்டிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாக வரும் பிளாஸ்டிக் யந்திர மனிதனே அவன். சிறுவர்கள் ஒரே மாலையில் அவனைப் பூட்டி நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் வர்ணம் பூச வேண்டுமென்கிறார்கள். வர்ணம் எப்போது, எந்த முறையில், எந்த இடத்தில் பூசத்தக்கது என்பதை அறியாமல் தொடங்கினால், பெட்டிக்குக் கொடுத்த பணம் வீணாவதோடு நில்லாது; வீட்டாரின் உடல்நலமும் கெடக்கூடும். ஆதலால் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

இந்தப் பொழுதுபோக்கு ஜப்பானில் வளர்ந்தது. 1979-ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தொலைக்காட்சியில், யொஷியுகி டொமினோ இயக்கிய ‘மொபைல் சூட் கண்டாம்’ என்னும் சித்திரத் தொடர் ஒளிபரப்பாயிற்று. மனிதன் உள்ளே அமர்ந்து செலுத்தும் பேருருவ யந்திரங்களின் போரே அதன் கதை. அடுத்த ஆண்டில் பண்டாய் நிறுவனம் அந்த யந்திரத்தை 144-இல் ஒரு பங்கு அளவில் செய்து, 300 யென் விலைக்கு விற்றது. கதையில் 18 மீட்டர் உயரமுள்ள யந்திரம் மேசையின்மேல் 12.5 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. அக்காலத்தில் பசையிட்டு ஒட்டி, வர்ணமும் பூசினாலன்றி அதற்கு உரிய தோற்றம் வாராது. இப்போதோ துண்டுகள் அவற்றிற்குரிய நிறத்திலேயே அச்சில் வார்க்கப்படுகின்றன. பசையின்றியே ஒன்றோடொன்று பொருந்திக்கொள்கின்றன.

அங்ஙனமாயின் வர்ணம் எதற்கு என்ற கேள்வி எழும். பூட்டி முடித்த உருவம் பளபளக்கிறது. அந்தப் பளபளப்பே அது பிளாஸ்டிக் என்பதைக் காட்டிக் கொடுக்கிறது. 18 மீட்டர் உயரமுள்ள இரும்பு யந்திரம் என்ற மயக்கத்தை உண்டாக்குவதே நம் நோக்கம். இந்நோக்கத்தில் பெரும்பகுதி, முழுமையாக வர்ணம் பூசாமலே கைகூடும் என்பதைத் தொடக்கநிலையில் உள்ளவர்கள் முதலில் உணர வேண்டும்.

துண்டுகள் யாவும் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில், கொடியில் காய் தொங்குவதுபோல, சிறு காம்புகளால் இணைந்திருக்கும். அவற்றை முறுக்கிப் பிய்த்தெடுக்கலாகாது. கூரிய வெட்டுக்குறட்டினால், துண்டைவிட்டுச் சற்றுத் தள்ளி முதலில் வெட்ட வேண்டும். எஞ்சிய காம்பை இரண்டாம் முறை வெட்ட வேண்டும். ஒரே வெட்டில் ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் நெருக்குண்டு வெள்ளைத் தழும்பு விழும். மீதமுள்ள சிறு மேட்டை 400, 600, 1000 என்ற வரிசையில் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துச் சமன் செய்யலாம். சுவருக்கு வர்ணம் அடிப்பவர் முதலில் பட்டி பார்ப்பதும் இதுவும் ஒன்றே. இந்த வேலையில் உள்ள குறையை எந்த வர்ணமும் மறைக்காது; மாறாக எடுத்துக் காட்டும்.

அடுத்தது கோடிடுதல். யந்திரத்தின் உடலில் தகடுகள் சேருமிடங்களைக் குறிக்கும் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அவற்றில் மெல்லிய முனையுள்ள மைக்கோலால் கோடிட்டு, வழிந்ததைத் துடைத்துவிட்டால், உருவம் உடனே உயிர் பெறுகிறது. வெள்ளைப் பகுதிக்குச் சாம்பல் நிறமும், சிவப்புப் பகுதிக்குப் பழுப்பும் பொருந்தும். எங்கும் கறுப்பையே இட்டால் படம் வரைந்தது போலாகிவிடும். பின்னர் ஒட்டுச் சின்னங்களைப் பதித்து, இறுதியாகப் பளபளப்பற்ற மேற்பூச்சை மெல்லிதாகத் தெளித்தால் போதும். கண்ணாடி போன்ற துண்டுகளை மட்டும் முன்னரே கழற்றி வைத்துவிட வேண்டும். மேற்பூச்சு பட்டால் அவை மங்கிப்போகும். முதல் உருவத்திற்கு இவ்வளவே நிறைவானது.

முழு வர்ணம் பூச விரும்புவோர், துண்டுகளை இளஞ்சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, முதலில் பிரைமர் என்னும் அடிப்பூச்சு இட வேண்டும். தூரிகையால் பூசுவதாயின் நீரில் கரையும் அக்ரிலிக் வர்ணமே ஏற்றது. ஒரே பூச்சில் மறைத்துவிட வேண்டுமென்ற அவசரம் கூடாது. நீர்த்த வர்ணத்தை இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் நன்கு உலர்ந்த பின், பூச வேண்டும். தெளிப்பான் குப்பியாயின் 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, துண்டிற்கு வெளியே தெளிக்கத் தொடங்கி, அதைக் கடந்து, மறுபுறம் வெளியே நிறுத்த வேண்டும். மூட்டுகள் உராயும் இடங்களில் பூச்சைத் தவிர்ப்பது நன்று. அங்கே அது உரிந்து வந்துவிடும்.

வர்ணங்களுக்குள் ஒரு தாரதம்மியம் உண்டு. லாக்கர் வர்ணம் வலிமையானது. அது உலர்ந்தபின் அதன்மேல் எனாமலைப் பூசித் துடைத்தெடுக்கலாம். எனாமலின்மேல் லாக்கரைப் பூசினாலோ அடியிலுள்ளது கரைந்து குழம்பிவிடும். எனாமல் தின்னரைப் பூட்டிய மூட்டுகளில் தேங்கவிட்டால், இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் விரிசல் கண்டு முறியும். முறிந்த மூட்டைச் சீர்படுத்துவது பெரும்பாடு.

இனி, நாம் வாழும் ஊரின் தட்பவெப்பத்தையும் கருத வேண்டும். மும்பையிலும் கல்கத்தாவிலும் மழைக்காலத்தில் மேற்பூச்சுத் தெளித்தால், கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, உருவம் முழுதும் வெண்மை படர்ந்துவிடும். டில்லியின் கோடையில், துளிகள் வழியிலேயே உலர்ந்து, பரப்பு சொரசொரப்பாகும், புழுதியும் ஒட்டும். மழை ஓய்ந்த மிதமான நாளின் முற்பகலே தக்க நேரம்.

வடநாட்டுக் குளிர்காலத்தில் கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு அறைக்குள் லாக்கர் தெளிப்பது ஆபத்தானது. அதன் ஆவி தலைசுற்றலையும் குமட்டலையும் உண்டாக்கும், எளிதில் தீப்பற்றும். சமையல் அடுப்போ பூஜை விளக்கோ எரியும் இடத்தருகே குப்பியைத் திறக்கவே கூடாது. துணி முகமூடி துகளை ஓரளவு தடுக்குமேயன்றி ஆவியைத் தடுக்காது. கரைப்பானின் ஆவியை வடிகட்டும் கரியடைத்த முகமூடியே வேண்டும். அதுவும் மொட்டை மாடியும் வாய்க்காதவர்கள் தூரிகையோடும் மைக்கோலோடும் நின்றுவிடுவதே விவேகம். சிறுவர்கள் தெளிப்பானைத் தொடும்போது பெரியவர் ஒருவர் அருகிலிருத்தல் அவசியம்.

பொறுமையாக வெட்டி, தேய்த்து, உலரும்வரை காத்திருந்தவர் கையில் எளிய உருவமும் எடுப்பாக நிற்கும். பெட்டியைத் திறந்த நாளிலேயே முடித்துவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும் சிறுவன், யந்திர மனிதனோடு நிதானத்தையும் சேர்த்தே தன் வசமாக்கிக்கொள்கிறான்.