கைமுதலைத் தின்னலாமா? நாட்டுக்கோழி இனமும் நம் கடமையும்



கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக் கடைவீதிக்குப் புளியும் கடுக்காயும் தேனும் வருவதை நாம் அறிவோம். கூடவே நாட்டுக்கோழியும் வரும். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கும் மலைவாழ் மக்களிடம் இளவயதில் நாமும் கோழி வாங்கி விற்றோம். பெரிய சேவலுக்கே கூடுதல் விலை கொடுத்தோம். லாபம் என்று நினைத்தோம். உண்மையில் அது கைமுதலைத் தின்னும் வியாபாரம். நல்ல சேவல் எல்லாம் குழம்புக்குப் போனால், மிஞ்சும் நோஞ்சான்தானே கோழிகளோடு சேரும்?

இன்னொரு தவறும் செய்தோம். பழுப்பு ஓட்டைப் பார்த்து 'நாட்டு முட்டை' என்று வாங்கி விற்ற தட்டிலிருந்து 12 முட்டை எடுத்து, வீட்டில் ஓர் அடைக்கோழிக்கு வைத்தோம். 7ஆம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றிலும் ரத்த நரம்பு இல்லை. அத்தனையும் கூமுட்டை! சேவலே இல்லாத பண்ணையின் முட்டை அது. வாடிக்கையாளருக்கு எதை விற்றோம் என்பது அன்றுதான் புரிந்தது. ஓட்டின் நிறம் கோழி வகையைப் பொறுத்தது. நாட்டு இனத்துக்கு அது சாட்சியல்ல.

நாமக்கல் பண்ணைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். ஆனால் அடை உட்காராது. நம் சிறுவிடை அதில் பாதிகூட இடாது. ஆனாலும் தானே அடை காத்து, குஞ்சு பொரித்து, பருந்திடமிருந்து காத்து வளர்க்கும். அந்தக் குணம் ஒருமுறை போனால் எந்த மொத்தக் கடையிலும் கிடைக்காது.

வீட்டுக் கொல்லையில் இதைக் காப்பது எளிது. 8 அல்லது 10 கோழிக்கு ஒரு சேவல் போதும். இட்டு ஒரு வாரத்துக்கு மேற்படாத, விரிசல் இல்லாத 10 அல்லது 12 முட்டைகளை மணலும் வைக்கோலும் பரப்பிய கூடையில் வையுங்கள். நம் பெண்கள் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் இரும்பும் போடுவார்கள், போடட்டும். தினம் ஒருமுறை கோழி இறங்கித் தீவனமும் தண்ணீரும் கொள்ள வேண்டும். 7ஆம் நாள் சோதித்துக் கூமுட்டையை அகற்றுங்கள். 18ஆம் நாளுக்குமேல் கூடையைத் தொடாதீர்கள். 21ஆம் நாள் குஞ்சு வரும்.

வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூண்டே காலி. குஞ்சுக்கு 7ஆம் நாள் சொட்டு மருந்தும், 8ஆம் வாரம் இறக்கையில் தடுப்பூசியும் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போடுங்கள். சிறந்த சேவலை விற்காதீர்கள். உறவு கலந்து வலு குன்றாதிருக்க, இரண்டாண்டுக்கு ஒருமுறை வேற்றூர்ச் சிறுவிடைச் சேவலோடு மாற்றிக்கொள்ளுங்கள்.

மத்தியப் பிரதேசத்தில் ஜாபுவா பகுதியின் கடக்நாத் கருங்கோழி இறைச்சி 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. பெயர் காத்தால் விலையும் வரும் என்பதற்கு அது சான்று. நம் மலைக்கோழிக்கும் அந்த நாள் வரலாம், இனம் மிஞ்சியிருந்தால்.

எனவே ஒரு வேண்டுகோள். பண்ணை முட்டையைப் பண்ணை முட்டை என்றே விற்போம். மலையிலிருந்து வரும் மெய்யான நாட்டு முட்டைக்கு அதற்குரிய விலை கொடுப்போம். சேவலைக் கொண்டுவருபவரிடம், 'வீட்டில் இதைவிட நல்லது ஒன்று நிறுத்தியிருக்கிறீர்களா?' என்று ஒரு வார்த்தை கேட்போம். கைமுதல் இருந்தால்தான் நாளையும் கடை திறக்கும்.