நெடுநாள் நின்ற கார் எஞ்சினில் இறுகிய பாகங்களை விடுவித்தல்

பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற கார் எஞ்சினின் அசையும் பாகங்கள், துருவாலும் காய்ந்த எண்ணெய்ப் பிசினாலும் ஒட்டிக்கொண்டு சுழல மறுப்பதை எஞ்சின் இறுகுதல் என்பர். பணிமனைகளில் இது 'எஞ்சின் ஜாம்' எனப்படும். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசிடர் காரின் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

காரணம்

இந்த நான்கு சிலிண்டர் எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பால் ஆனது; பிஸ்டன்கள் அலுமினியத்தால் ஆனவை. எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் சில வால்வுகள் திறந்தே இருக்கும். புகைக்குழாய், கார்புரேட்டர் வழியாக ஈரக்காற்று அந்த சிலிண்டர்களுக்குள் புகுகிறது. சுவரிலிருந்த எண்ணெய்ப் படலம் வடிந்தபின், பிஸ்டன் ரிங்குகள் தொடும் இடத்தில் துரு பிடிக்கிறது. இரும்பைவிடத் துருவுக்குக் கன அளவு அதிகம் என்பதால் அது இடைவெளியை அடைத்துவிடும். ஆகவே பெரும்பாலும் நான்கு சிலிண்டர்களும் இறுகுவதில்லை. ஒன்றோ இரண்டோதான் இறுகும். அவசரப்பட்டு முரட்டு விசை கொடுத்தால் நன்றாக உள்ள பாகங்களும் உடையும்.

இறுகிய பாகத்தைக் கண்டறிதல்

கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்பார்க் பிளக்குகளையும் ஃபேன் பெல்ட்டையும் கழற்ற வேண்டும். பெல்ட்டை எடுத்தபின் எஞ்சின் சுழன்றால், டைனமோவோ தண்ணீர் பம்போதான் இறுகியிருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல்சக்கரம் ஃபிளைவீலில் சிக்கியிருந்தாலும் எஞ்சின் சுழலாது. இவை இரண்டும் இல்லையெனில், பிளக் துளை வழியே சிறு கேமராவை விட்டு சிலிண்டர் சுவரைப் பார்க்கலாம்.

ஊறவைத்தல்

ஒவ்வொரு பிளக் துளையிலும் சில கரண்டி துரு இளக்கும் எண்ணெய் ஊற்றிப் பல நாட்கள் விட வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து பயன்படுத்துவோரும் உண்டு. இவை தனித்தனியே பிரிந்துவிடும் என்பதால் ஊற்றுமுன் குலுக்க வேண்டும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமான இடத்தில், நெருப்பும் தீப்பொறியும் இல்லாமல் கையாள வேண்டும். ஊற்றிய எண்ணெயின் மட்டம் குறைந்தால், அது ரிங்குகளைத் தாண்டி இறங்குகிறது என்று பொருள்.

அசைத்தல்

முதலில் டேப்பெட் கவரைத் திறந்து வால்வுத் தண்டுகளில் எண்ணெய் விட வேண்டும். மூடிய நிலையில் ஒட்டிய வால்வைத் தள்ள முயலும் புஷ்ராட் வளைந்துவிடும். பின்னர் கிராங்க் புல்லியின் நட்டில் நீண்ட கைப்பிடி ஸ்பேனரை மாட்டி, வழக்கமாகச் சுழலும் திசையில் சீராக அழுத்த வேண்டும். எதிர்த்திசையில் திருப்பினால் நட் தளரலாம். முன்னும் பின்னும் அசைக்க, டாப் கியர் போட்டு இருவர் காரை மெல்லத் தள்ளினால் போதும். அசையாவிட்டால் மீண்டும் ஊறவைக்க வேண்டும். கியரில் வைத்து வேறொரு வண்டியால் இழுத்தால் ரிங்குகள் உடையும், கனெக்டிங் ராட் வளையும்.

சில வாரங்களிலும் விடுபடாவிட்டால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, மரக்கட்டை வைத்து பிஸ்டனை மெல்லத் தட்டலாம். பாதி வழியில் நிற்கும் பிஸ்டனையே தட்ட வேண்டும். உச்சியில் நிற்கும் பிஸ்டனில் ராட் நேராக இருப்பதால், அடி கிராங்க்கைச் சுழற்றாமல் பேரிங்கைத்தான் தாக்கும். பிஸ்டனைச் சூடாக்கவும் கூடாது. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரிவதால் பிடிப்பு இன்னும் இறுகும்.

விடுபட்ட பின்

உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. பிளக்குகள் இல்லாமலே கையால் சுழற்றி, உள்ளே தேங்கிய திரவத்தை வெளியேற்ற வேண்டும். திரவம் அமுங்காது என்பதால், மீதமிருந்தால் ராட் வளையும். ஊற்றிய எண்ணெய் அடித்தொட்டியில் கலந்திருக்கும். அதை வடித்துப் புது எண்ணெய் நிரப்பிய பிறகே கம்ப்ரஷன் சோதிக்க வேண்டும். துரு சுவரில் ஆழமான குழிகளை விட்டிருந்தால், சிலிண்டரை மறுகடைசல் செய்வதே வழி.