பழவேற்காட்டு ஏரியும் பாயின் அளவும்

பாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குக் கலமும் விரைந்து செல்லும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அஃது ஓரளவே உண்மை. பாயின் அளவைக் காற்று மாத்திரம் தீர்மானிப்பதில்லை. கலத்தின் கீழுள்ள நீரின் ஆழமும் தீர்மானிக்கின்றது. இதனை அறிந்துகொள்ளப் பழவேற்காட்டு ஏரி மிகவும் ஏற்ற இடமாகும்.

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலுமாகப் பரந்து கிடக்கும் இவ்வுப்புநீர் ஏரி, இந்தியாவில் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது. 1613-ல் ஒல்லாந்தர் இதன் கரையில் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். எனினும் அவர்களுடைய பெருங்கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன; சரக்குகள் சிறு கலங்களிலேயே கரை சேர்ந்தன. ஏரியின் பெரும்பகுதி ஓர் ஆள் ஆழமும் இல்லாததே இதற்குக் காரணம். ஆகவே கூனங்குப்பம், கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர், ஆழமற்ற நீருக்கேற்ற கலங்களிலேயே பாய் விரித்தும் கழி ஊன்றியும் தொழில் செய்து வந்தனர்.

பக்கத்திலிருந்து வீசும் காற்று கலத்திற்கு இரண்டு இடையூறுகளை விளைவிக்கும். ஒன்று, கலம் பக்கமாக நழுவுதல், மற்றொன்று, சாய்தல். கடலில் நெடும்பிரயாணம் செய்யும் பாய்ப்படகு, இரும்போ ஈயமோ சேர்ந்த கனத்த அடிமரத்தை நீரினுள் ஆழ இறக்கி இவ்விரண்டையும் தடுக்கின்றது. கட்டுமரத்தார் மரங்களுக்கிடையே பலகையொன்றை நீரில் இறக்குவதும் நழுவுதலைத் தடுக்கவேயாம். பழவேற்காட்டிலோ ஆழ்ந்த அடிமரம் சேற்றில் தட்டிநிற்கும். ஆகையால் அங்கே கலத்தின் அகலமும் பாயின் தாழ்வுமே காவலாகின்றன.

இதனைச் சிறு கணக்கால் விளக்குவோம். முக்கோணப் பாயொன்று 12 அடி உயரமும் 8 அடி அடியகலமும் உடையது என்க. இரண்டையும் பெருக்கிப் பாதியாக்கினால் 48 சதுர அடி. மற்றொரு பாய் 16 அடி உயரமும் 6 அடி அகலமும் உடையது. அதுவும் 48 சதுர அடியே. துணி ஒன்றே, காற்றின் தள்ளுதலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அத்தள்ளுதல் கூடுமிடம் உயரத்தில் மூன்றிலொரு பங்கில் இருப்பதால், முன்னதில் அது 4 அடியிலும் பின்னதில் 5⅓ அடியிலும் அமையும். அடிவிளிம்பு நீர்மட்டத்தை ஒட்டியிருப்பதாகக் கொண்டால், கலத்தைச் சாய்க்கும் வலிமை மூன்றிலொரு பங்கு மிகுகின்றது. உயர்ந்த பாய் காற்றை எதிர்த்து ஏறுவதில் சிறந்ததேயாயினும், ஆழ்ந்த அடிமரமில்லாத கலத்திற்கு அது ஆபத்தாகலாம்.

பிரயாணப் படகுகளின் வரைபடங்களில் பி, ஈ, ஐ, ஜே என்னும் ஆங்கில எழுத்துகள் காணப்படும். பி என்பது பெரும்பாயின் உயரம். ஈ அதன் அடியகலம். ஐ என்பது பாய்மரத்திற்கு முன்னுள்ள முக்கோணத்தின் உயரம். ஜே அதன் அடி. இந்நான்கும் தெரிந்தால் பாய்களின் பரப்பையும் மேற்கூறிய கணக்கையும் எளிதில் அறியலாம்.

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தள்ளுதல் நான்கு மடங்காகும். ஆதலின் காற்று மிகும்போது பாயைச் சுருக்குதல் கோழைத்தனமன்று, கணக்கறிந்தார் செயலே. உயரம், அகலம் இரண்டையும் பாதியாக்கினால் பரப்பு நாலிலொன்றாகும். சாய்க்கும் வலிமையோ எட்டிலொன்றாகும் என்பதையும் நினைவிற் கொள்க.

இந்நாளில் ஏரியில் இயந்திரப் படகுகள் மிகுந்துவிட்டன. ஆயினும் கவிழ்தலின் நியாயம் மாறவில்லை. பாயேயன்றி, உயரத்தில் ஏறிய பாரமும் கலத்தைக் கவிழ்க்க வல்லது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் பழவேற்காட்டில், அளவுக்கு மிஞ்சிய ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் மாண்டனர். விடுமுறையில் அங்குச் செல்லும் மாணவர், ஏறுமுன் படகின் அகலத்தையும் ஏறியுள்ளோர் தொகையையும் ஒருமுறை நோக்குவாராக. நின்றுகொண்டு செல்லாது தாழ அமர்ந்து செல்வாராக.