அட்டையில் ‘ஓ’ என்றிருந்தும் ஏன் மீண்டும் சோதனை?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளின் அடையாள அட்டைகளில் இரத்த வகையும் அச்சிடப்பட்டிருப்பது வழக்கம். “அட்டையிலேயே ‘ஓ பாசிட்டிவ்’ என்று இருக்கிறதே, டாக்டர், மறுபடியும் ஏன் இரத்தம் எடுக்கிறீர்கள்?” என்று உறவினர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

1952-ஆம் ஆண்டில் ஒய்.எம். பெண்டே குழுவினர் மும்பையில் கண்டறிந்த ஓர் அரிய வகையை உலகுக்கு அறிவித்தனர். முதற்சோதனையில் ‘ஓ’ போலத் தோன்றும் அதுவே ‘பாம்பே’ இரத்த வகை. இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது.

சிவப்பணுக்களின் மேல் ‘எச்’ என்னும் அடிப்படைப் பொருள் உண்டு. அதன்மீதே ஏ, பி அடையாளங்கள் அமைகின்றன. ‘ஓ’ வகையினரிடம் எச் மட்டும் இருக்கும். பாம்பே வகையினரிடம் அதுவும் இராது. மேலும், எச்-ஐ எதிர்க்கும் எதிர்ப்பொருள் அவர்கள் இரத்தத்தில் இயல்பாகவே இருக்கும். எனவே ‘ஓ’ இரத்தம் ஏற்றினால் அச்சிவப்பணுக்கள் சிதைந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆய்வகத்தில் இதைப் படிப்படியாகக் கண்டறிகிறோம். நோயாளியின் சிவப்பணுக்களை மட்டும் சோதித்தால் இரு வகைகளும் ஒன்றுபோலவே தோன்றும். அவருடைய பிளாஸ்மாவை ‘ஓ’ அணுக்களோடு கலக்கும்போது அவை திரண்டால் ஐயம் எழும். எச்-ஐக் கண்டறியும் கரைசலுடன் நோயாளியின் அணுக்கள் திரளாவிடில் ஐயம் வலுக்கும்.

இறுதி விளக்கம் மரபணுவில் உள்ளது. வெள்ளணுக்களிலிருந்து டி.என்.ஏ.-வைப் பிரித்து, பி.சி.ஆர். முறையில் பெருக்கி, 19-ஆம் குரோமோசோமிலுள்ள ‘எஃப்.யு.டி.1’ மரபணுவின் எழுத்து வரிசையைப் படிக்கின்றனர். இந்தியரிடம் பெரிதும் காணப்படுவது, 725-ஆம் இடத்தில் ‘டி’ எழுத்து ‘ஜி’ ஆக மாறியிருப்பது. அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டவரிடம் கொடையாளரின் சிவப்பணுக்கள் கலந்திருக்கும்போதும் மரபணுச் சோதனை உதவும். ஆயினும், இரத்தம் ஏற்றுமுன் செய்யும் பொருத்தச் சோதனைக்கு அது மாற்றாகாது.

பாம்பே வகையினருக்குப் பாம்பே வகை இரத்தமே ஏற்ற வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கு இவ்வகை இருப்பின், உடன்பிறந்தோரும் சோதித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் இருவரும் இம்மாற்றத்தை ஒரு படியில் சுமப்பவர்களாயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அறிக்கையைப் பத்திரப்படுத்தி, எம்மருத்துவமனைக்குச் சென்றாலும் முதலிலேயே காட்டுங்கள். அரிய இரத்தத்தைத் தேட அது எங்களுக்கு நேரம் தரும்.