துபாய்க்கு முதல் டிரிப்: போற பெட்டியில கசகசா, வர்ற பெட்டியில தங்கம்

அப்ரைசல் முடிஞ்சு கையில கொஞ்சம் காசு சேர்ந்ததும், நம்ம வயசு ஆட்கள் நிறைய பேர் அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போற முதல் வெளிநாடு துபாய்தான். சென்னையில இருந்து நாலு மணி நேரச் சொச்சம் ஃப்ளைட், ஒன்றரை மணி நேரம்தான் நேர வித்தியாசம். நம்ம அப்பா தலைமுறைக்கு துபாய்ன்னா ஏஜென்ட், வட்டிக் கடன், குடும்பத்தைப் பிரிஞ்ச வேலை. 2000-ல வந்த சேரனோட 'வெற்றிக் கொடி கட்டு' படமே துபாய் வேலைன்னு ஏமாந்தவங்க கதைதான். நமக்கு அதுல வடிவேலு மட்டும் ஞாபகம் இருக்கு. இப்போ அதே ஊருக்கு டூரிஸ்ட்டா போறோம்.

புர்ஜ் கலீஃபா மேல எப்படி ஏறணும், டெசர்ட் சஃபாரியில வாந்தி வருமா, இதுக்கெல்லாம் யூடியூப்ல வீடியோ கொட்டிக் கிடக்கு. நான் இன்னைக்கு ரெண்டு பெட்டியப் பத்தி மட்டும் பேசறேன். இங்கேர்ந்து கொண்டு போற பெட்டி, அங்கேர்ந்து கொண்டு வர்ற பெட்டி. மாட்டினா பெரிசா மாட்டற இடம் இது ரெண்டும்தான்.

விசா பத்தி சுருக்கமா சொல்லிடறேன். நம்ம பாஸ்போர்ட்டுக்கு முன்னாடியே விசா எடுக்கணும். டூரிஸ்ட் விசா 30 நாள், 60 நாள்னு ரெண்டு வகை. ஏர்லைன் மூலமாவோ டிராவல் ஏஜென்ட் மூலமாவோ எடுக்கலாம். ரிட்டர்ன் டிக்கெட்டும் தங்குற இடத்துக்கான சான்றும் கேட்பாங்க. நாள் தாண்டினா ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம்.

இப்போ போற பெட்டி. நம்ம வீட்டுல குருமாவுக்கு அரைக்கிற கசகசா இருக்கே, அது அமீரகத்துல தடை செய்யப்பட்ட பொருள். அபின் செடியோட விதைங்கிறதால போதைப் பொருள் கணக்குல வருது. "அம்பது கிராம் தானே"ங்கிற பேச்சு அங்க எடுபடாது. அம்மா வீட்டுல அரைச்சு பாக்கெட் போட்ட மசாலாப் பொடியில கசகசா இருக்கான்னு கேட்டுக்கோங்க. வெத்தலையும் துபாய் கஸ்டம்ஸோட தடைப் பட்டியல்ல இருக்கு. மயிலாப்பூர் பாட்டிங்க ஒரு வாரம் வெத்தலைப் பெட்டிக்கு லீவு விட வேண்டியதுதான்.

இதவிட முக்கியம் மாத்திரை. சர்க்கரை வியாதி இருக்கறவங்களுக்கு கால் எரிச்சலுக்கு ப்ரீகாபலின் கலந்த மாத்திரைய இங்க சர்வ சாதாரணமா எழுதிக் குடுக்கறாங்க. நம்ம அப்பா அம்மா மருந்து டப்பாவில அது இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அமீரகத்துல அது கட்டுப்பாட்டுக்குள்ள வர்ற மருந்து. கோடீன் சேர்ந்த இருமல் மருந்து, டிரமடால், தூக்கத்துக்குப் போடற அல்பிரசோலம் எல்லாமே அப்படித்தான். கொண்டு போகவே கூடாதுன்னு இல்ல. அமீரக அரசோட வெப்சைட்ல முன்கூட்டியே அனுமதி கேட்கலாம். டாக்டர் சீட்டு வேணும், அதுல பேர் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே இருந்தா நல்லது. நம்ம ஊர்ல இனிஷியல் ஒரு இடத்துல விரிஞ்சிருக்கும், ஒரு இடத்துல சுருங்கியிருக்கும், அதனால சொல்றேன். மாத்திரைய அட்டையிலேர்ந்து பிரிச்சு சின்ன டப்பாவில போட்டு எடுத்துட்டுப் போகாதீங்க. அட்டையில முன்னாடி பிராண்ட் பேர் மட்டும் பாக்காம, பின்னாடி சின்ன எழுத்துல இருக்கற மருந்துப் பேரப் படிங்க.

"அங்க என் தங்கச்சி பையன் இருக்கான், இந்தப் பார்சல மட்டும் குடுத்துடுப்பா"ன்னு பக்கத்து வீட்டு மாமா கேட்டா? பிரிச்சுப் பாத்துட்டு வாங்குங்க. அவர் கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

ஊருக்குள்ள செலவு நீங்க நினைக்கறத விடக் குறைவாவும் முடிக்கலாம். மெட்ரோவுல நோல் கார்டு போட்டு சுத்தலாம், ஆனா உள்ள எதையும் சாப்பிட்டா, குடிச்சா 100 திர்ஹாம் அபராதம். க்ரீக்க ஒரு திர்ஹாம்ல ஆப்ரா படகுல கடக்கறது எனக்கு மாலைவிடப் பிடிச்சது. கோடை லீவுல ஹோட்டல் விலை விழும், ஏன்னா வெயில் 40 டிகிரிக்கு மேல. ஜூன் 15-லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12.30-லேர்ந்து 3 மணி வரை திறந்தவெளி வேலைக்கே அங்க தடை. பெரியவங்கள கூட்டிட்டுப் போறதா இருந்தா நவம்பர்லேர்ந்து மார்ச்சுக்குள்ள போங்க.

அந்தப் படகு கொண்டு போய் விடற கரை தேரா. அங்கதான் கோல்ட் சூக். இனி வர்ற பெட்டி.

இந்தியாவுக்கும் துபாய்க்கும் நடுவுல தங்கக் கதை ரொம்பப் பழசு. 1966 வரைக்கும் துபாய்ல ஓடினதே ரூபாய்தான். 1950-கள்ல தங்கக் கடத்தலால நம்ம அந்நியச் செலாவணி கரையுதுன்னுதான் ரிசர்வ் வங்கி 1959-ல வளைகுடாவுக்குன்னே தனி ரூபாய் நோட்டு அடிச்சுது. திர்ஹாம் வந்தது 1973-ல.

சரி, இப்போ அங்க தங்கம் நிஜமாவே மலிவா? கணக்குப் போட்டுப் பாக்கலாம். 2024 ஜூலை பட்ஜெட்ல தங்க இறக்குமதி வரிய 15-லேர்ந்து 6 சதவீதமாக் குறைச்சாங்க. அந்த ரேட்ட வெச்சுக்கிட்டா, அங்க வரி இல்லாம 1,00,000 ரூபாய் மதிப்புள்ள தங்கம், இங்க 6 சதவீத இறக்குமதி வரி, 3 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 1,09,180 ஆகும். அங்க நகைக்கு 5 சதவீதம் வாட். டூரிஸ்ட்டா இருந்தா அதுல 85 சதவீதம் திரும்ப வரும், ஒரு பில்லுக்கு 4.80 திர்ஹாம் கட்டணம் போக. ஆக, மிச்சம் எட்டாயிரத்துச் சொச்சம். செய்கூலிய நான் கணக்குல சேர்க்கல. தி. நகர் உஸ்மான் ரோட்டுல பேரம் பேசத் தெரிஞ்ச அம்மா கூட இருந்தா இந்த வித்தியாசத்துல பாதி இங்கயே வந்துடும்.

இதோட இன்னொரு பக்கம். பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் நகை வரி இல்லாமக் கொண்டு வரலாம்னு வாட்ஸ்அப்ல சுத்துது பாருங்க, அது ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்துட்டுத் திரும்பறவங்களுக்கு. ஒரு வாரம் போயிட்டு வர்ற நமக்கு இல்ல. சலுகை வரியில தங்கம் கொண்டு வரவும் குறைஞ்சது ஆறு மாசம் வெளிநாட்டுல இருந்திருக்கணும். அந்த வகையில வராதவங்களுக்கு பேக்கேஜ் வரி, சர்சார்ஜ் சேர்த்து 38.5 சதவீதம். ஒரு லட்ச ரூபா நகைக்கு 38,500. எட்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் முப்பத்தெட்டாயிரம் கட்டறது எந்த ஊர்க் கணக்கு? இந்த விதிகளும் ரேட்டும் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், கிளம்பறதுக்கு முன்னாடி கஸ்டம்ஸ் வெப்சைட்ட ஒரு தடவை பாத்துடுங்க.

கடைசியா ஒண்ணு, இது வாங்கறவங்களுக்கு இல்ல, இங்கேர்ந்து போட்டுக்கிட்டுப் போறவங்களுக்கு. அம்மா கழுத்துல இருக்கறது பழைய நகைதான்னு திரும்பி வரும்போது எப்படிக் காட்டுவீங்க? சென்னை ஏர்போர்ட்ல இலங்கையிலேர்ந்து வந்த ஒரு பெண்ணோட தாலிக்கொடியவே கஸ்டம்ஸ் எடுத்துக்கிட்டு, அந்த வழக்குல 2025-ல சென்னை உயர் நீதிமன்றம் அதிகாரிகளக் கண்டிச்சு, திருப்பிக் குடுக்கச் சொன்னது. தீர்ப்பு நல்லதுதான். ஆனா அதுக்குள்ள ஒரு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. அதனால கனமான நகை போட்டுக்கிட்டுப் போறீங்கன்னா, கிளம்பற அன்னைக்கே கஸ்டம்ஸ் கவுன்டர்ல நகையக் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிக்கோங்க. கொஞ்சம் சீக்கிரமா ஏர்போர்ட் போகணும், நகையோட பில்லும் போட்டோவும் கையில இருந்தா வேலை சுலபம். திரும்பி வரும்போது ஏதாவது வாங்கியிருந்தா ரெட் சேனல் வழியா போய்ச் சொல்லிடுங்க. கிரீன் சேனல்ல நடந்து மாட்டினா அது வரியோட நிக்காது.