பாராட்டுப் பசி ஏன் அடங்குவதில்லை?

பாராட்டு எல்லோருக்கும் பிடிக்கும். சிலருக்கோ அது கிடைக்காவிட்டால் இருப்பே கொள்வதில்லை. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய உளப்பகுப்பாய்வாளர் கேரன் ஹார்னி (1885–1952) இதன் வேரைக் குழந்தைப் பருவத்தில் கண்டார். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டு பாலுந்தலுக்குத் தந்த முதலிடத்தை ஹார்னி வீட்டின் அரவணைப்புக்குத் தந்தார். பெற்றோரின் பாராமுகமும் ஓயாத ஒப்பீடும் பிள்ளைக்குள் ஓர் அடிப்படைப் பதற்றத்தை ஊறவைக்கின்றன: உலகம் பகையானது, தனக்கு யாருமில்லை. அதைத் தணிக்க இறுகப் பற்றிக்கொள்ளும் வழிகளே நியூரோடிக் தேவைகள். 1942-இல் அன்பு, அதிகாரம், புகழ், குறையின்மை முதலிய பத்துத் தேவைகளை வரிசைப்படுத்தியவர், 1945-இல் அவற்றைப் பிறரை நாடுவது, எதிர்ப்பது, விலகுவது என மூன்று போக்குகளில் அடக்கினார். இந்தச் சுருக்கமே கூடுதல் பயனுள்ளது.

திருச்சி தில்லை நகரில் நீட் பயிற்சிக்குப் போகும் ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். மாதிரித் தேர்வில் 720-க்கு 690. டிபன் பாக்ஸ் திறக்கப்படாமல் கிடக்க, நோட்டு ஓரத்தில் போன 30 மதிப்பெண்ணையே திரும்பத் திரும்பக் கூட்டுகிறாள். மதிப்பெண் ஆசை நோயல்ல. எவ்வளவு வந்தாலும் ஆறாமை, வராவிட்டால் பீதி, எவரிடமும் அதே எதிர்பார்ப்பு: இவையே நியூரோடிக் தேவைக்கு ஹார்னி காட்டும் அடையாளங்கள். இவை பிறவிக் குணமல்ல என்பதால் மாற்ற முடியும் என்றே அவர் உறுதியாக நம்பினார். எந்தப் பயத்திலிருந்து அந்தத் தேவை கிளம்பியது என்பதை அவரவரே கண்டுகொள்ளச் சிகிச்சை உதவுகிறது.