காரின் கண்கள்: ஹாலஜனும் செனானும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு. தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்கு என் மைத்துனரின் காரில் சென்றுகொண்டிருந்தோம். கார் பழையது, ஆனால் அதன் முகப்பு விளக்குகள் புதியவை. அன்று காலையில்தான் ஒரு கடையில் ஹாலஜன் பல்புகளைக் கழற்றிவிட்டு, அதே கூட்டுக்குள் செனான் பல்புகளைப் பொருத்தி வாங்கி வந்திருந்தார்.

“ரோடு பகல் மாதிரி இருக்கு, பாத்தீங்களா அத்தான்!” என்றார் பெருமையுடன். உண்மைதான். காருக்கு முன்னால் சாலை வெள்ளைவெளேர் என்று இருந்தது.

ஆனால் எதிரே வந்த வண்டிகள் ஒவ்வொன்றும் விளக்கைச் சிமிட்டி, ‘டிம் செய்’ என்று சைகை காட்டின. “டிம்லதானே போறேன்! இன்னும் என்ன பண்ணணுமாம்?” என்று அவருக்குக் கோபம் வந்தது. சற்றுத் தொலைவில் ஒரு மொபெட் எதிரே வந்தது. திடீரென்று அது தார்ச் சாலையை விட்டு இறங்கி, புழுதியில் தடுமாறி நின்றது. நாங்கள் காரை நிறுத்திவிட்டு ஓடினோம். ஓட்டி வந்த பெரியவருக்கு நல்லவேளையாக அடி இல்லை. பின்னால் அமர்ந்திருந்த அவருடைய பேத்தி, உங்கள் வயதுப் பெண், நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“வெளிச்சம் மூஞ்சில அடிச்சதும் ஒண்ணுமே தெரியலீங்க. ரோடு எங்க முடியுதுன்னே தெரியல” என்றார் பெரியவர்.

‘டிம்’மில் சென்ற விளக்கு எப்படிக் கண்ணைக் கூசச் செய்தது? விளக்கு ‘நல்ல’ விளக்கானதும் பாதை ஆபத்தாக மாறியது ஏன்? இதற்கான விடை உங்கள் இயற்பியல் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதைத் தேடுவோம், வாருங்கள்.

இழை தரும் ஒளி

ஹாலஜன் விளக்கு என்பது நம் வீட்டுப் பழைய குண்டு பல்பின் தம்பிதான். இதிலும் ஒரு டங்ஸ்டன் இழை உண்டு. மின்னோட்டம் பாயும்போது இழை சுமார் 3,200 கெல்வின் வரை சூடேறி ஒளிர்கிறது.

சூடான பொருள் எந்த அலைநீளத்தில் மிக அதிகமாகக் கதிர்வீசும் என்பதை வீன் விதி கூறுகிறது. 2,898 என்ற எண்ணைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் அந்த அலைநீளம் மைக்ரோமீட்டரில் கிடைக்கும். 3,200 கெல்வினுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 0.9 மைக்ரோமீட்டர், அதாவது 900 நானோமீட்டர். நம் கண் காண்பதோ சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரைதான். ஆக, இழை வீசும் ஆற்றலில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக, வெப்பமாகப் போய்விடுகிறது.

கண்ணுக்கு மிகவும் ஏற்ற 555 நானோமீட்டரில் உச்சத்தைக் கொண்டுவர வேண்டுமானால் இழையின் வெப்பநிலை சுமார் 5,200 கெல்வின் ஆக வேண்டும். டங்ஸ்டன் 3,695 கெல்வினிலேயே உருகிவிடும்! உலோகங்களுள் மிக அதிக உருகுநிலை உடையது அதுதான். ஆகவே இழையை வைத்துக்கொண்டு இதற்கு மேல் அதிகம் முன்னேற வழியில்லை.

இருந்தாலும் ஹாலஜன் விளக்கில் ஓர் அழகான வேதியியல் தந்திரம் உண்டு. சாதாரண பல்பில் இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியில் படிந்து அதைக் கறுக்கச் செய்யும். ஹாலஜன் விளக்கில் அயோடின் அல்லது புரோமின் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. சூடான சுவரின் அருகே அது டங்ஸ்டனுடன் சேர்ந்து சேர்மமாகிறது. அச்சேர்மம் இழையின் அருகே வந்ததும் பெரும் வெப்பத்தால் பிரிந்து, டங்ஸ்டனை இழையிலேயே விட்டுச் செல்கிறது. கண்ணாடி தெளிவாக இருக்கிறது. இழையையும் கூடுதலாகச் சூடாக்க முடிகிறது. இச்சுழற்சி நடக்கச் சுவர் மிகவும் சூடாக இருக்க வேண்டும் என்பதால்தான் பல்பு சிறியதாகவும் குவார்ட்ஸால் ஆனதாகவும் இருக்கிறது.

வாகனத்துக்கென எச்1 என்ற முதல் ஹாலஜன் விளக்கு 1962-இல் ஐரோப்பாவில் வந்தது. ‘டிம்’முக்கு ஒன்று, ‘பிரைட்’டுக்கு ஒன்று என இரண்டு இழைகள் கொண்ட எச்4 விளக்கு 1971-இல் வந்தது. நம் நாட்டில் எத்தனையோ கார்களில் நாம் கண்டது இந்த எச்4 தான். இதன் டிம் இழை 55 வாட். தரும் ஒளி சுமார் 1,000 லூமென். வாட்டுக்கு 20 லூமென்கூட இல்லை.

இழை இல்லாத விளக்கு

உருகும் இழைதான் தடை என்றால், இழையே இல்லாமல் ஒளி பெற்றால் என்ன? மின்னல் அப்படித்தானே ஒளிர்கிறது!

செனான் விளக்கில் நடப்பது இதுவே. பட்டாணி அளவுள்ள ஒரு குவார்ட்ஸ் அறை. அதற்குள் இரண்டு டங்ஸ்டன் மின்முனைகள். இடைவெளி 4 மில்லிமீட்டரை அடுத்துத்தான். அறைக்குள் பல வளிமண்டல அழுத்தத்தில் செனான் வாயுவும், சோடியம், ஸ்காண்டியம் போன்ற உலோகங்களின் உப்புகளும் அடைக்கப்பட்டிருக்கும். முனைகளுக்கிடையே 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்துடிப்பைச் செலுத்தினால் வாயு அயனியாகி, மின்வில் ஒன்று பற்றிக்கொள்கிறது.

செனான் ஒரு மந்த வாயு. 1898-இல் லண்டனில் ராம்சேயும் டிராவர்ஸும் இதைக் கண்டுபிடித்தனர். ‘அந்நியன்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரிட்டனர். நாம் சுவாசிக்கும் காற்றிலும் அது உண்டு. ஆனால் கோடியில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

இங்கே ஒரு வியப்பு. விளக்கு நன்றாக எரியும்போது பெரும்பகுதி ஒளியைத் தருவது செனான் அல்ல, ஆவியான உலோக உப்புகளே! பின் செனான் எதற்கு? குளிர்ந்த நிலையில் உப்புகள் சுவரில் படிந்து கிடக்கும். தெருவில் சோடியம் விளக்கு ஏற்றியதும் முழு ஒளி வரச் சில நிமிடங்கள் ஆவதைப் பார்த்திருப்பீர்கள். காரில் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியுமா? செனான் எப்போதும் வாயுவாகவே இருப்பதால் உடனே ஒளிரும். சில நொடிகளில் உப்புகள் ஆவியாகி வேலையை ஏற்றுக்கொள்ளும். புதிதாக ஏற்றிய செனான் விளக்கின் நிறம் சற்றே மாறி நிலைபெறுவதன் காரணம் இதுதான்.

1991-இல் பி.எம்.டபிள்யூ. 7 வரிசைக் கார்களில் இவ்விளக்கு முதன்முதலாக வந்தது. டி2எஸ் என்னும் வகை 35 வாட்டில் சுமார் 3,200 லூமென் தருகிறது. வாட்டுக்கு ஏறத்தாழ 90 லூமென். செலவு குறைவு, ஒளி மும்மடங்கு!

கட்டுக்குள் வைப்பவர் யார்?

மின்வில்லுக்கு ஒரு விபரீத குணம் உண்டு. மின்னோட்டம் கூடக்கூட அயனிகள் பெருகி, மின்தடை குறையும். தடை குறைந்தால் மின்னோட்டம் மேலும் கூடும். விட்டால் ஒரு கணத்தில் விளக்கே அழிந்துவிடும். வீட்டு டியூப்லைட்டிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே ‘சோக்’ அதைக் கட்டுப்படுத்துகிறது. காரில் அந்த வேலையைப் ‘பாலஸ்ட்’ என்னும் மின்னணுப் பெட்டி செய்கிறது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து தொடக்கத் துடிப்பைத் தயாரிப்பதும், பின்னர் டி2எஸ் விளக்குக்குச் சுமார் 85 வோல்ட்டில் 35 வாட் மட்டும் அளந்து தருவதும் அதுவே. இந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை யாருக்கும் வர வேண்டாம். 20,000 வோல்ட் விளையாட்டன்று.

ஒரு மில்லிமீட்டரின் விலை

இவ்வளவு நல்ல விளக்கு ஏன் அந்தப் பெரியவரைச் சாலையை விட்டு இறக்கியது? குற்றம் விளக்கில் இல்லை. அதை வைத்த இடத்தில் இருக்கிறது.

பரவளைய ஆடியின் குவியத்தில் ஒளிமூலத்தை வைத்தால் ஒளி இணைகதிராக வெளிவரும் என்று படித்திருக்கிறீர்கள். மூலம் குவியத்திலிருந்து விலகினால் கதிர்கள் திசை மாறும். எவ்வளவு? ஆடியின் குவியத் தொலைவு 25 மில்லிமீட்டர் என்று கொள்வோம். ஒளிமூலம் 1 மில்லிமீட்டர் கீழே தள்ளியிருந்தால், கதிர் சுமார் 1/25 ரேடியன் மேலே திரும்பும். 50 மீட்டர் தொலைவில் அது 50 × 1/25 = 2 மீட்டர் உயரம்! எதிரே வருபவரின் கண்ணுக்கு எட்ட இதுவே தாராளம்.

எச்4 விளக்கில் டிம் இழை குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். அதன் அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் உண்டு. கீழ்நோக்கிச் செல்லும் ஒளியைக் கிண்ணம் மறைத்துவிடுவதால் ஆடியின் மேல்பாதியில் மட்டுமே ஒளி படுகிறது. அங்கிருந்து சாலையை நோக்கிக் கீழே இறங்குகிறது. இடப்பக்கம் செல்லும் நம் நாட்டில், இடது ஓரத்தில் மட்டும் ஒளி சற்று உயரும். எதிர்வண்டி வரும் வலப்பக்கம் தாழ்ந்தே இருக்கும். இந்த ஏற்பாடு முழுவதும் அந்த இழையின் அளவையும் இடத்தையும் கணக்கிட்டுச் செய்தது.

இப்போது இழைக்குப் பதில் மின்வில்லை வையுங்கள். இழை நேரான சுருள்; வில்லோ வெப்பத்தால் மேல்நோக்கி வளைந்திருக்கும். இழை நெடுகிலும் ஏறத்தாழச் சீராக ஒளிரும். வில் மின்முனைகளின் அருகே மிகப் பிரகாசமாக இருக்கும். கிண்ணமும் பழைய பொருத்தத்தில் இராது. ஆடிக்கு இதெல்லாம் தெரியுமா? இழை இருப்பதாகவே எண்ணி அது ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. மும்மடங்கு ஒளி கண்ட இடத்துக்கெல்லாம் சிதறுகிறது.

கண்ணுக்குள் நடப்பது

கூச்சம் என்பது வெறும் எரிச்சல் அன்று. வலுவான ஒளி கண்ணுக்குள் நுழையும்போது, கருவிழியிலும் லென்ஸிலும் சிறிது சிதறி, விழித்திரை முழுவதும் வெண்திரை போலப் படர்கிறது. மங்கலான பொருள்கள் அத்திரையில் மறைந்துவிடுகின்றன. வயதாக ஆக லென்ஸ் மங்குவதால் சிதறல் கூடுகிறது. அந்தப் பெரியவர் ஏன் அவ்வளவு திணறினார் என்பது இப்போது புரிகிறதல்லவா?

வெளிச்சம் கடந்துபோன பின்னும் கண் தெளியச் சில நொடிகள் ஆகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடும். மூன்று நொடி என்றால் 66 மீட்டர். அவ்வளவு தூரமும் குருட்டுப் பயணமே.

ஓட்டுபவருக்காவது நன்மை உண்டா? அதுவும் ஐயமே. காருக்கு மிக அருகில் சாலை அளவுக்கு மீறி ஒளிர்ந்தால் கண்ணின் பாவை சுருங்கும். தொலைவில் நிற்கும் மாடு இன்னும் மங்கலாகும். “பகல் மாதிரி இருக்கு” என்பது பெரும்பாலும் காலடியில் மட்டும் உள்ள பகல்!

முறையான செனான் எப்படி இருக்கும்?

தொழிற்சாலையிலேயே செனானுக்கென வடிவமைத்த கார்களில் ஆடி, லென்ஸ், ஒளியை வெட்டும் தகடு எல்லாம் வில்லின் அளவுக்குச் செய்யப்பட்டவை. பின்இருக்கையில் ஆட்கள் ஏறினால் காரின் மூக்கு நிமிரும். ஒரு பாகை நிமிர்ந்தாலே 50 மீட்டரில் ஒளி 87 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். ஆகவே ஒளிக்கற்றையைத் தானே தாழ்த்தும் அமைப்பும், தூசி ஒளியைச் சிதறச் செய்யாதபடி கண்ணாடியைக் கழுவும் அமைப்பும் வேண்டும். 2,000 லூமெனுக்கு மேற்பட்ட விளக்குகளுக்கு இவ்விரண்டையும் ஐரோப்பிய விதிகள் கட்டாயமாக்கின. பல்பை மட்டும் மாற்றுபவர் இவற்றில் எதையும் மாற்றுவதில்லை.

இன்று புதிய கார்களில் செனானின் இடத்தை எல்.இ.டி. பெருமளவு பிடித்துக்கொண்டது. 2007-இல் ஒரு லெக்சஸ் காரில் டிம் விளக்காக அது முதலில் வந்தது. ஆனால் பாடம் மாறவில்லை. ஹாலஜன் கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகினாலும் ஆடி அதே கேள்வியைக் கேட்கும்: “என் குவியத்தில் இருப்பது யார்?”

சுவர் சொன்ன தீர்ப்பு

ஊர் சேர்ந்ததும் ஒரு வெள்ளைச் சுவருக்கு 10 மீட்டர் முன்னால் காரை நிறுத்தச் சொன்னேன். டிம் விளக்கின் மேல்விளிம்பு அங்கே விளக்கின் உயரத்தைவிட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழ வேண்டும். விழுந்ததோ விளிம்பே இல்லாத ஒரு வெளிச்சப் புகை. என் நெஞ்சு உயரம் வரை பரவியிருந்தது. மைத்துனர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் பழைய பல்புகள் திரும்பி வந்தன.

அதோடு வேறு மூன்று வேலைகளும் செய்தோம். மஞ்சள் பூத்த பிளாஸ்டிக் முகப்பை மெருகேற்றினோம். ஒளிக்கற்றையைச் சுவரில் பார்த்துச் சரிசெய்தோம். பல்பு முனையில் வோல்ட் மீட்டரை வைத்தோம், 13.2 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 12 வோல்ட்தான் இருந்தது. இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தின் சுமார் 3.4-ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறும். ஆகவே 9 விழுக்காடு மின்னழுத்தம் குறைந்தால் ஒளி 28 விழுக்காடு குறைந்துவிடும்! தடித்த கம்பியும் ரிலேயும் போட்டதும் அந்த ஒளி திரும்பக் கிடைத்தது. செலவு செனானைவிட மிகக் குறைவு.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். முன்தலையைத் திருகிக் குவியத்தை மாற்றக்கூடிய டார்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒளிவட்டத்தைச் சிறியதாக்கி, அதன் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பின்பு தலையைக் கால் சுற்று மட்டும் திருப்பி மீண்டும் அளந்து பாருங்கள். திருகு நகர்ந்தது எவ்வளவு, வட்டம் விரிந்தது எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். நாளை நீங்கள் வண்டி ஓட்டும் வயதில், எதிரே வரும் மொபெட்காரருக்காக அந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள்.